விஸ்கி சுவைத்து மதிப்பிடல்

விஸ்கி சுவைத்து மதிப்பிடல் என்பது மரப் பீப்பாய்களில் முதிர்விக்கப்பட்ட விஸ்கியின் நிறம், மணம், சுவை, விழுங்கிய பின் எஞ்சும் உணர்வு ஆகியவற்றை ஒரு முறைப்படி ஆராய்ந்து அதன் இயல்பையும் தரத்தையும் தீர்மானிக்கும் செயல் ஆகும். இது தொடக்கத்தில் வடிசாலைகளிலும் வணிக நிறுவனங்களிலும் பணியாற்றிய கலவை வல்லுநர்களின் தொழிலாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இருந்து ஆர்வலர்கள் தம் வீடுகளிலும் இதனைச் செய்து வருகின்றனர். மிகச் சிறிய அளவுகளை ஒப்பிட்டு வேறுபாடுகளை அறிவதே இதன் நோக்கம் என்பதால் இது மது அருந்துதலில் இருந்து வேறுபடுகிறது. பிராந்தி, ரம், சாராயம் முதலிய ஏனைய முதிர் மதுவகைகளுக்கும் இதே முறை சிறு மாற்றங்களுடன் பொருந்தும்.

வரலாறு

1860 ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் ஒன்று, முளைகட்டிய வாற்கோதுமையில் (பார்லி) இருந்து பெறப்படும் மால்ட் விஸ்கியையும் பிற தானியங்களில் இருந்து பெறப்படும் விஸ்கியையும் வரி செலுத்தும் முன்பே கிடங்குகளில் கலப்பதற்கு இடமளித்தது. இதனால் ஸ்காட்லாந்தில் கலவை விஸ்கி வணிகம் பெருகியது. ஆண்டுதோறும் மாறாத சுவையைத் தர வேண்டியிருந்ததால், ஒவ்வொரு பீப்பாயையும் மோந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வல்லுநர்கள் தேவைப்பட்டனர்.

ஏனியஸ் மக்டொனால்டு என்ற புனைபெயரில் ஜார்ஜ் மால்கம் தாம்சன் 1930 இல் வெளியிட்ட நூல், விஸ்கியைச் சுவைஞரின் நோக்கில் அணுகிய முன்னோடி நூல்களுள் ஒன்று. 1970களின் இறுதியில் எடின்பரோவில் இயங்கிய ஆய்வு நிறுவனம் ஒன்று, மணங்களையும் சுவைகளையும் குறிக்கும் சொற்களை வகைப்படுத்திச் சுவைச் சக்கரம் ஒன்றை உருவாக்கியது. 1989 இல் வெளியான மைக்கேல் ஜாக்சன் (எழுத்தாளர், 1942–2007) என்பவரின் கையேடு, மால்ட் விஸ்கிகளுக்கு நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் வழங்கும் வழக்கத்தைப் பரவலாக்கியது.

மணமும் சுவையும் தோன்றும் வகை

காய்ச்சி வடிக்கப்பட்ட புதிய மது நீர் போல நிறமற்றது. அதன் குணங்கள் பின்வரும் மூன்று மூலங்களில் இருந்து வருகின்றன.

- தானியமும் புகையும்: ஐலே தீவின் பல வடிசாலைகள் சதுப்பு நிலத்துப் புற்கரியை (பீட்) எரித்து, அதன் புகையில் முளைத் தானியத்தை உலர்த்துகின்றன. அப்போது பீனால் சேர்மங்கள் தானியத்தில் படிகின்றன. மருத்துவமனை, தார், கடற்கரைப் புகை ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் இவற்றால் உண்டாகின்றன.
- நொதித்தலும் வடித்தலும்: நொதியங்கள் (ஈஸ்ட்டு) எஸ்டர்களை உருவாக்குகின்றன. வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட்டு இவற்றுள் ஒன்று. செம்பினாலான வடிகலம் விரும்பத்தகாத கந்தகச் சேர்மங்களைக் குறைக்கிறது.
- பீப்பாய்: ஓக் மரத்தில் இருந்து வனிலின் (வனிலா மணம்), யூஜெனால் (கிராம்பு மணம்), ஓக் லாக்டோன் (தேங்காய் மணம்) ஆகியவை மதுவில் கரைகின்றன. நிறமும் மரத்தில் இருந்தே கிடைக்கிறது. அமெரிக்காவின் பூர்பன் விஸ்கிக்கு உட்புறம் கரியாக்கப்பட்ட புதிய ஓக் கலன் கட்டாயம் ஆகும். அவ்வாறு ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் பெருமளவில் ஸ்காட்லாந்துக்குச் செல்கின்றன.

நாக்கு இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி ஆகிய அடிப்படைச் சுவைகளை மட்டுமே உணர்கிறது. நாக்கின் ஒவ்வொரு பகுதியும் ஒரு சுவைக்கு உரியது என்று காட்டும் பழைய படம் தவறானது. சுவை என்று பொதுவாகக் கூறப்படுவதில் பெரும்பகுதி, வாயின் பின்புறம் வழியாக மூக்கை அடையும் ஆவியால் உணரப்படும் மணமே ஆகும்.

தேவையான பொருட்கள்

அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் குவளை பொருத்தமானது. இது ஆவியைத் திரட்டி மூக்குக்குத் தருகிறது. 2001 இல் அறிமுகமான கிளென்கேர்ன் குவளை இவ்வகையில் பெயர் பெற்றது. எனினும் ஒரே வடிவமுள்ள சிறிய திராட்சை மதுக் குவளைகள் சில இருந்தாலும் போதும். குளோரின் மணமற்ற குடிநீர், உமிழ்வதற்கு ஒரு கோப்பை, அளவுக் குழாய், குறிப்பேடு ஆகியவையும் தேவை. சமையல் மணம், ஊதுபத்தி, வாசனைத் தைலம் ஆகியவை இல்லாத அறை வேண்டும்.

சுவைக்கும் முறை

பார்த்தல்: நிறம் குறித்துக்கொள்ளப்படுகிறது. ஆயினும் இதற்கு அதிக மதிப்பளித்தல் கூடாது. ஸ்காட்ச் விஸ்கியில் எரித்த சர்க்கரை நிறமியைச் சேர்ப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. குவளையின் உட்சுவரில் வழியும் கோடுகள் மதுசாரமும் நீரும் வெவ்வேறு பரப்பு இழுவிசை கொண்டிருப்பதால் உண்டாகின்றன. அவை தரத்தின் அடையாளம் அல்ல.

நுகர்தல்: சுமார் 15 மில்லிலீற்றர் ஊற்றிச் சில நிமிடங்கள் விடப்படுகிறது. மூக்கைக் குவளைக்குள் நுழைக்காமல், வாயைச் சிறிது திறந்தபடி, தொலைவில் இருந்து மெல்ல அணுக வேண்டும். ஆழ்ந்து இழுத்தால் மதுசாரம் மூக்கை மரத்துப்போகச் செய்யும்.

நீர் சேர்த்தல்: துளித்துளியாக நீர் சேர்த்து மீண்டும் நுகரப்படுகிறது. சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017 இல் வெளியிட்ட கணினி உருவகப்படுத்தல் ஆய்வு, புகை மணம் தரும் குவாயகால் என்ற சேர்மம் 45 விழுக்காடு வரையான மதுசாரச் செறிவில் திரவத்தின் மேற்பரப்பில் கூடுகிறது என்றும், 59 விழுக்காட்டுக்கு மேல் மதுசார மூலக்கூறுகளால் சூழப்பட்டு உள்ளே தங்குகிறது என்றும் காட்டியது. கலவை வல்லுநர்கள் ஏறத்தாழ 20 விழுக்காடு வரை நீர்த்தே மாதிரிகளை நுகர்வது வழக்கம். நீர் கலப்பது விஸ்கியைக் கெடுக்கும் என்ற கருத்துக்கு இதனால் ஆதரவு இல்லை.

சுவைத்தல்: சிறு மிடறு ஒன்று வாய் முழுவதும் பரவுமாறு சில நொடிகள் வைத்திருக்கப்படுகிறது. முதற்சுவை, இடைச்சுவை, திரவத்தின் அடர்த்தி ஆகியவை குறிக்கப்படுகின்றன. பின்னர் அது விழுங்கப்படுகிறது அல்லது உமிழப்படுகிறது.

எச்சச்சுவை: எஞ்சும் உணர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, இனிமையாக முடிகிறதா, மரக்கசப்பாக முடிகிறதா என்பது கவனிக்கப்படுகிறது. வெறுமையான குவளையை மறுநாள் காலை நுகர்ந்தால், எளிதில் ஆவியாகாத மர மணங்களும் புகை மணங்களும் தெளிவாகத் தெரியும்.

தீர்ப்பைப் பிறழச் செய்யும் காரணிகள்

வீட்டில் சுவைப்பவர் பெரும்பாலும் தாமே விலை கொடுத்து வாங்கிய போத்தலையே மதிப்பிடுகிறார். பெயர், வயது, விலை மூன்றையும் அவர் முன்பே அறிந்திருக்கிறார். இவ்வறிவு நாவின் தீர்ப்பை மாற்றவல்லது என்பது திராட்சை மது குறித்த ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது.

பிரான்சின் போர்தோ நகரில் 54 மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2001 இல் வெளியான ஆய்வில், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கப்பட்ட வெள்ளைத் திராட்சை மதுவை அவர்கள் சிவப்பு மதுவுக்குரிய சொற்களால் வருணித்தனர். அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரே மது இரு வேறு விலைகளுடன் தரப்பட்டபோது, உயர்ந்த விலை கூறப்பட்டதே அதிக இன்பம் தந்ததாகப் பங்கேற்றோர் கூறினர். இன்ப உணர்வுடன் தொடர்புடைய மூளைப் பகுதியின் செயற்பாடும் அதற்கேற்ப உயர்ந்திருந்தது. எனவே இத்தகையோர் பொய் கூறுவதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே அவ்வாறு சுவைக்கிறது.

வயதும் இவ்வாறே வழிதவறச் செய்யக்கூடும். ஸ்காட்ச் விஸ்கி 700 லீற்றருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர வேண்டும். போத்தலில் குறிக்கப்படும் வயது, கலவையில் உள்ள மிக இளைய மதுவின் வயது ஆகும். கண்ணாடிப் போத்தலில் விஸ்கி முதிர்வதில்லை. முதிர்வின் வேகம் தட்பவெப்பத்தையும் பொறுத்தது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு மது ஆவியாகிறது. பெங்களூர் போன்ற வெப்பமான இடங்களில் இவ்விழப்பு பன்மடங்கு அதிகம் என்பதால் சில ஆண்டுகளிலேயே மரத்தின் குணம் ஏறிவிடுகிறது. அந்நகரின் அம்ருத் நிறுவனம் 2004 இல் தன் மால்ட் விஸ்கியை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அறிமுகப்படுத்தியது. அதிக ஆண்டுகள் பீப்பாயில் இருந்த மது மரக்கசப்பு மேலோங்கிக் கெடுவதும் உண்டு.

பெயர் மறைத்துச் சுவைத்தல்

மேற்கண்ட பிழைகளைக் குறைக்கும் எளிய வழி, எது எதுவென அறியாமல் சுவைப்பதாகும். மற்றொருவர் அடியில் எண்ணிட்ட குவளைகளில் ஊற்றிப் பட்டியலைத் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். செறிவு வேறுபாடு அடையாளம் காட்டிவிடும் என்பதால் எல்லா மாதிரிகளும் ஒரே செறிவுக்குக் கொண்டுவரப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, 46 விழுக்காடு செறிவுள்ள 20 மில்லிலீற்றர் விஸ்கியில் 3 மில்லிலீற்றர் நீர் சேர்த்தால் அது ஏறத்தாழ 40 விழுக்காடு ஆகிறது. நிறத்தை மறைக்க வண்ணக் கண்ணாடிக் குவளையோ மங்கிய ஒளியோ பயன்படும்.

இரு விஸ்கிகளுக்கு இடையே வேறுபாடு தெரிகிறதா என்பதை அறிய முக்கோணச் சோதனை உதவுகிறது. மூன்று குவளைகளில் இரண்டில் ஒரே விஸ்கியும் ஒன்றில் வேறு விஸ்கியும் ஊற்றப்படுகின்றன. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டு வாய்ப்பில் ஒருமுறை சரியாகக் கூறும் நிகழ்தகவு 1/3. தொடர்ந்து மூன்று முறை சரியாகக் கூறும் நிகழ்தகவு 1/27, அதாவது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒவ்வொரு முறையும் எந்த விஸ்கி இரண்டு குவளைகளில் இடம்பெறும் என்பதும் குவளைகளின் வரிசையும் மாற்றப்பட வேண்டும். இச்சோதனை வேறுபாட்டை மட்டுமே காட்டும். எது சிறந்தது என்பதைக் காட்டாது. வேறுபாடே தெரியாத இரண்டில் விலை மிகுந்ததை வாங்கத் தேவையில்லை என்பதை வாங்குபவர் இதனால் அறியலாம்.

மதிப்பெண் வழங்கல்

மணம், சுவை, எச்சச்சுவை, சமநிலை ஆகிய நான்குக்கும் தலா 25 என நூறு மதிப்பெண் வழங்கும் முறை பரவலாக அறியப்பட்டது. எனினும் வீட்டில் சுவைப்பவருக்கு எண்ணை விடக் குறிப்பே பயனுடையது. ‘நன்று’ என எழுதுவதைக் காட்டிலும் ‘கிராம்பு, நனைந்த வைக்கோல், இறுதியில் கசப்பு’ என எழுதுவது பின்னர் ஒப்பிடுவதற்கு உதவும். அதே விஸ்கியை மற்றொரு நாள் பெயர் மறைத்துச் சுவைத்து, இரு குறிப்புகளும் ஒத்துள்ளனவா எனப் பார்ப்பது சுவைப்பவர் தம்மையே சோதிக்கும் வழியாகும். பாதிக்கு மேல் வெறுமையான போத்தலில் காற்றுப் பட்டு மணம் மாறுவதால் போத்தலைத் திறந்த நாளையும் குறித்து வைத்தல் நன்று.

ஏனைய முதிர் மதுவகைகள்

- கொன்யாக்: பிரான்சில் திராட்சையில் இருந்து பெறப்படும் பிராந்தி. விஎஸ் வகைக்குக் குறைந்தது 2 ஆண்டுகளும், விஎஸ்ஓபி வகைக்கு 4 ஆண்டுகளும், 2018 முதல் எக்ஸ்ஓ வகைக்கு 10 ஆண்டுகளும் முதிர்வு தேவை.
- ரம்: கரும்பில் இருந்து பெறப்படுவது. பலவற்றில் வடித்த பின் சர்க்கரை சேர்க்கப்படுவதால் மென்மையான இனிப்பை முதிர்வின் பயன் எனக் கொள்ளுதல் தவறாகலாம்.
- தென்னஞ்சாராயம்: இலங்கையில் தென்னங்கள்ளை வடித்துப் பெறப்படுவது. இதன் உயர்தர வகைகள் அல்மில்லா எனச் சிங்களத்தில் வழங்கும் உள்நாட்டு மரத்தாலான கலன்களில் முதிர்விக்கப்படுகின்றன. எனவே ஓக் மரத்துக்குரிய வனிலா மணத்தை அளவுகோலாகக் கொண்டு இதனை மதிப்பிடுதல் பொருந்தாது.

போலிகளும் சுவையின் எல்லையும்

2017 இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகர விடுதி ஒன்றில், 1878 ஆம் ஆண்டினது எனக் கருதப்பட்ட விஸ்கியின் ஒரே மிடறுக்கு வாடிக்கையாளர் ஒருவர் 9,999 சுவிஸ் பிராங்குகள் செலுத்தினார். அப்போத்தல் குறித்து ஐயம் எழுந்ததால் மாதிரி ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்பு, அம்மது பெரும்பாலும் 1970க்கும் 1972க்கும் இடையில் உருவானது எனக் காட்டியது. மேலும் அது மால்ட் விஸ்கியும் அன்று. மலிவான கலவை விஸ்கி. விடுதி பணத்தைத் திருப்பி அளித்தது. 2018 இல் ஸ்காட்லாந்தில் சோதிக்கப்பட்ட 55 அரிய விஸ்கிப் போத்தல்களில் 21 போலியானவை அல்லது கூறப்பட்ட ஆண்டைச் சாராதவை எனக் கண்டறியப்பட்டது. ஒரு மதுவின் வயதையோ பிறப்பிடத்தையோ நாவினால் மட்டும் உறுதிப்படுத்த இயலாது என்பதை இவை உணர்த்துகின்றன.

உடல்நலம்

மதுசாரம் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988 இல் வகைப்படுத்தியது. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குத் தீங்கற்றதன்று என உலக சுகாதார அமைப்பு 2023 இல் அறிவித்தது. 40 விழுக்காடு செறிவுள்ள ஐந்து மாதிரிகளை 15 மில்லிலீற்றர் வீதம் விழுங்குபவர் 30 மில்லிலீற்றர் தூய மதுசாரத்தை உட்கொள்கிறார். உமிழ்ந்து சுவைப்பதால் இது பெரிதும் குறைகிறது. நான்கைந்து மாதிரிகளுக்குப் பின் மூக்கும் நாவும் களைத்துவிடுவதால், அதற்கு மேல் சுவைத்துப் பெறும் தீர்ப்பு நம்பத்தக்கதும் அன்று. சுவைத்த பின் வாகனம் ஓட்டுதல் கூடாது.