பனியாறு இறங்கிய படிகள்

நுழையும்முன்

ஓடும் ஆற்றை நாம் அறிவோம். உறைந்த நிலையிலேயே ஊர்ந்து செல்லும் ஆறும் உலகில் உண்டு. ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய மலைப்பயணம் ஒன்று, அத்தகைய ஆற்றின் இயல்பையும் அதற்கு நேர்ந்துவரும் இழப்பையும் எவ்வாறு உணர்த்துகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பனிக்கடலை நோக்கி

பிரான்சு நாட்டின் கிழக்கு எல்லையில், ஆல்ப்சு மலைத்தொடரின் மிகவுயர்ந்த சிகரமான மோன் பிளாங்கின் அடிவாரத்தில் ஷாமோனி என்னும் ஊர் அமைந்துள்ளது. தனியே பயணம் செய்யும் ஒருவர் காலையில் இவ்வூரிலிருந்து புறப்பட்டு, அந்நாட்டின் மிகப்பெரிய பனியாற்றைக் கண்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். அப்பனியாற்றின் பெயர் 'மெர் தெ கிளாஸ்'. 'பனிக்கடல்' என்பது அதன் பொருள். 1741ஆம் ஆண்டில் இங்கு வந்த வில்லியம் விண்டம், ரிச்சர்ட் போகாக் என்னும் ஆங்கிலேயர் இருவரின் வருகைக்குப் பின்னரே இதன் புகழ் ஐரோப்பாவெங்கும் பரவியது. அலையெழுந்த நீர்ப்பரப்பு அப்படியே உறைந்துவிட்டது போன்ற அதன் தோற்றமே இப்பெயருக்குக் காரணமாயிற்று.

பயணத்தின் முதற்கட்டம் பற்சக்கர ரயில். 1909ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இது, தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஊசியிலைக் காடுகளினூடே ஏறி, 1,913 மீட்டர் உயரத்திலுள்ள மோன்தான்வேர் நிலையத்தை இருபது மணித்துளிகளில் அடைகிறது. அங்கிருந்து கம்பிவட ஊர்தி பயணியைப் பள்ளத்தாக்கிற்குள் இறக்குகிறது. மலைக்குச் செல்லும் கம்பிவட ஊர்திகள் பொதுவாக மேலே ஏற்றிச் செல்லும். இங்கோ பனியைக் காணக் கீழே இறங்க வேண்டியுள்ளது. இவ்விறக்கத்திலேதான் பனியாற்றின் வரலாறு அடங்கியிருக்கிறது.

நகரும் பனி

உயர்ந்த மலைமுகடுகளில் ஆண்டுதோறும் பொழியும் பனி முழுவதும் உருகிவிடுவதில்லை. எஞ்சிய பனியின்மேல் புதுப்பனி படிகிறது. மேலடுக்குகளின் எடை கீழடுக்குகளை அழுத்துவதால் இடையிலுள்ள காற்று வெளியேறி, மென்பனி கெட்டிப் பனிக்கட்டியாகிறது. இவ்வாறு திரண்ட பனிக்கட்டி, தன் எடையாலேயே சரிவில் மெல்ல நகரத் தொடங்கும்போது பனியாறு பிறக்கிறது. 1842ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிவியலறிஞர் இப்பனியாற்றின் நகர்வை அளந்தார். கரையோரத்தைவிட நடுப்பகுதி விரைவாக நகர்வதையும் அவர் கண்டறிந்தார். ஓடும் ஆற்றுக்கும் இவ்வியல்பு உண்டு.

நகரும் பனி தன்னோடு பாறைத்துண்டுகளையும் மண்ணையும் சுமந்துவருகிறது. வெண்ணிறப் பரப்பை எதிர்பார்த்துச் செல்லும் பயணி, சாம்பல்நிறக் கற்குவியலைக் கண்டு திகைப்பதற்கு இதுவே காரணம். பனிக்குள் குடையப்பட்ட குகையில்தான் அதன் உண்மையான நிறம் புலப்படும். கெட்டிப் பனி, ஒளியின் செந்நிறத்தை உட்கொண்டு நீலத்தை வெளிவிடுவதால் குகைச்சுவர்கள் நீலமாக ஒளிர்கின்றன. பனி நகர்ந்துகொண்டே இருப்பதால் இக்குகையை ஆண்டுதோறும் புதிதாகக் குடைய வேண்டியுள்ளது.

பனிப்பரப்பில் ஆழமான பிளவுகள் உண்டு. மென்பனி அவற்றின் வாயை மூடி மறைத்துவிடும். ஆகவே தனியே வருவோர், வழிகாட்டியின் துணையின்றிப் பனியாற்றின்மீது காலடி வைத்தலாகாது.

> தெரியுமா?
> மேரி ஷெல்லி 1816ஆம் ஆண்டில் இப்பனியாற்றைக் கண்டார். 1818இல் வெளிவந்த அவருடைய 'ஃபிராங்கென்ஸ்டைன்' புதினத்தில், அறிவியலறிஞனும் அவன் படைத்த உயிரும் சந்தித்து உரையாடும் இடம் இதுவே.

படிகள் கூறும் கணக்கு

1988ஆம் ஆண்டில் கம்பிவட ஊர்தி அமைக்கப்பட்டபோது, அதிலிருந்து இறங்கிய பயணி மூன்றே படிகளில் பனியைத் தொட முடிந்தது. பின்னர், கோடையில் உருகும் அளவிற்குக் குளிர்காலப் பனி ஈடுகொடுக்கவில்லை. பனிப்பரப்பு தாழத் தாழ, ஆண்டுதோறும் புதிய படிகள் சேர்க்கப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை 500ஐயும் கடந்தது. பனி முன்பு எட்டியிருந்த உயரங்களில், '1990' என்பது போல ஆண்டைக் குறித்த பலகைகள் நடப்பட்டன. படியிறங்கியவர்கள் அப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கடந்து, கடந்த காலத்தின் வழியே நடந்தனர். இறுதியில் 2024ஆம் ஆண்டில், பனி இன்னும் தடித்திருக்கும் மேற்பகுதியில் புதிய கம்பிவட ஊர்தி அமைக்கப்பட்டது. பனியாறு மனிதரிடமிருந்து விலகிச் சென்றது. மனிதர் அதனைப் பின்தொடர்ந்தனர்.

நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரிப்பதால் வளிமண்டலத்தில் பெருகும் கரியமில வாயு, புவியின் வெப்பத்தை உயர்த்துகிறது. அவ்வெப்பத்தை எண்களாகக் கேட்கும்போது அதன் கடுமை முழுமையாக விளங்குவதில்லை. ஐந்நூறு படிகளை ஏறித் திரும்பியவரின் கால்களோ அதனை நன்கு உணர்ந்தன.

உருகும் நீரின் வழி

இப்பனியாற்றின் உருகுநீர் ஆர்வெரோன் என்னும் ஓடையாகி, ஆர்வ் ஆற்றில் கலக்கிறது. ஆர்வ் ஆறு ஜெனிவா நகரில் ரோன் ஆற்றுடன் சேர்ந்து மத்தியதரைக் கடலை நோக்கிச் செல்கிறது. குளிர்காலத்தில் பொழிவதைச் சேமித்து வறண்ட கோடையில் வழங்கும் களஞ்சியமாகப் பனியாறு விளங்குகிறது. களஞ்சியம் சுருங்கச் சுருங்க, கோடைக்கால ஆறுகளும் மெலியும். இதனை உணர்ந்தே ஐக்கிய நாடுகள் அவை, 2025ஆம் ஆண்டைப் பனியாறுகளின் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது. மார்ச் 21ஆம் நாளை உலகப் பனியாறுகள் நாளாகவும் அறிவித்தது.

ஊர்தியை இடம் மாற்றி அமைக்க மனிதரால் இயலும். உருகிய பனியை மீண்டும் மலையில் ஏற்ற இயலாது. எஞ்சியிருப்பதைக் காப்பதற்கு ஒரே வழி, வெப்பம் மேலும் உயராமல் தடுப்பதே ஆகும்.