குணசேகரனை நாம் ஏன் ரசித்தோம்?

தொலைக்காட்சியில் நாடகம் முடிந்ததும் முற்றத்தில் விசாரணை தொடங்கும். “அவள் வாய் திறந்து கேட்டிருக்க வேண்டும்” என்பார் ஒருவர். “குடும்பப் பெண்ணுக்குப் பொறுமைதான் அழகு” என்பார் இன்னொருவர். வில்பத்துக் காட்டின் ஓரத்திலுள்ள எலுவன்குளத்திலும், 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்குப் பின் புத்தளம் மாவட்டத்தில் எழுந்த குடியிருப்புகளிலும் இப்பேச்சு நாளாந்தம் நடப்பதுதான். இதை வீண்பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. கற்பனைப் பாத்திரம் ஒன்றுக்கு நாம் வழங்கும் தீர்ப்பில், எமது வீட்டில் எதை நீதி என்று கருதுகிறோம் என்பது தெரிந்துவிடுகிறது.

மாமியாருக்கு மட்டும் ஏச்சு

2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் வந்த ‘மெட்டி ஒலி’யைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். ஐந்து பெண்பிள்ளைகளைக் கரைசேர்க்கப் பாடுபடும் தகப்பன் சிதம்பரத்தின் கதை அது. மகள் சரோவை வதைத்த மாமியார் இராஜத்தை எல்லோரும் திட்டித் தீர்த்தோம். ஆனால் தாய் சொல்வதே சரியென்று நடந்த கணவன் மாணிக்கத்தின் மீது அதே அளவு கோபம் வந்ததா? சீதனம் என்ற வழக்கத்தின் மீது வந்ததா? ஒரு பெண்ணைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால், அவளுக்குப் பின்னால் நிற்கும் வழக்கம் தப்பித்துக்கொள்கிறது.

கொடியவனுக்குக் கைதட்டல்

2022 முதல் 2024 வரை ஒளிபரப்பான ‘எதிர்நீச்சல்’ தொடரை இயக்கியவர் திருச்செல்வம். வீட்டுப் பெண்களைப் படிக்கவும் உழைக்கவும் விடாமல் அடக்கும் ஆதி குணசேகரன் அதில் வரும் கொடியவன். படித்த மருமகள் ஜனனியும் மற்றப் பெண்களும் அவனை எதிர்க்கிறார்கள். ஆயினும் மிகப் புகழ்பெற்ற பாத்திரம் குணசேகரன்தான். “ஏ, இந்தாம்மா” என்று அவன் அதட்டுவது சிறுவர்களின் வாயிலும் விளையாட்டுப் பேச்சானது. அவ்வேடத்தைத் தாங்கிய மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி காலமானபோது, சொந்த வீட்டு மனிதரை இழந்ததுபோல் பலர் துக்கப்பட்டார்கள். ஒரு கலைஞனின் திறமைக்கு அது உரிய மரியாதையே.

ஆனால் நடிகரை மெச்சுவது வேறு, பாத்திரத்தை மெச்சுவது வேறு. “வீட்டுக்கு இப்படி ஓர் ஆம்பிளை வேண்டும்” என்று யாராவது சொல்லும்போது, பக்கத்தில் இருக்கும் மகளுக்கு என்ன செய்தி போய்ச் சேருகிறது?

பழைய பாடம்

இது எம்மிடம் மட்டும் உள்ள குறையல்ல. இந்தியாவின் முதல் தொலைக்காட்சித் தொடரான ‘ஹம் லோக்’ 1984 ஜூலையில் தொடங்கி 1985 டிசெம்பர் வரை ஓடியது. பெண்களின் நிலையை உயர்த்துவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. தன்னையே அழித்துக்கொண்டு குடும்பத்தைச் சுமக்கும் தாய் பாகவந்தியைக் கண்டு, “இது அநியாயம்” என்று மக்கள் உணர வேண்டும் என எண்ணினார்கள். ஏறத்தாழ 4 இலட்சம் கடிதங்கள் வந்து குவிந்தன. பின்னர் ஆராய்ந்தபோது, பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் பாகவந்தியைப் பின்பற்றத்தக்க நல்ல மனைவியாகவே கொண்டிருந்தது தெரியவந்தது. அவலத்தைக் காட்டினால் மட்டும் போதாது. அதைப்பற்றி மக்கள் கூடிப் பேசவும் வேண்டும்.

தென்னாபிரிக்காவின் ‘சோல் சிட்டி’ தொடர் 1999இல் ஒரு வழி காட்டியது. மனைவியை அடிக்கும் ஒருவனின் வீட்டின்முன் அயலவர் கூடிச் சட்டிபானைகளைத் தட்டி ஓசை எழுப்பினர். அடிப்பது “அவர்கள் வீட்டு விஷயம்” அல்ல, ஊரின் விஷயம் என்பதே அதன் கருத்து. சில இடங்களில் மக்கள் அதை உண்மையிலும் செய்து பார்த்தார்கள்.

காணி யார் பெயரில்?

‘எதிர்நீச்சல்’ கதையில் பெரிய போராட்டம் அப்பத்தா பட்டம்மாளின் பெயரிலிருந்த 40 வீதச் சொத்துக்காக நடந்தது. அதைப் பிடுங்கப் பார்த்த குணசேகரனைக் கண்டு கொதித்தோம். நிலத்தை விட்டுவந்து, மீண்டும் ஒரு துண்டு நிலத்துக்காகக் காத்திருந்த குடும்பங்கள் நாம். எமது பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது?

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரக் காணிக்கு அடுத்த உரிமையாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து, பிள்ளைகளுள் மகள்மாருக்கு முன் மகன்மாரை வைத்தது. இப்பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022ஆம் ஆண்டில் வந்தது. சட்டம் மாறிவிட்டது. ஆனால் “அவள் கட்டிக்கொண்டு போகிறவள்தானே” என்ற பேச்சு வீடுகளில் நிற்கவில்லை. திரையில் அப்பத்தாவுக்காகக் கண்ணீர் விட்டு, வீட்டில் மகளின் பங்கை மறுத்தால் நாமும் குணசேகரனின் பக்கத்தில்தான் நிற்கிறோம்.

நாடகம் பார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. களைத்து வந்த உடலுக்கு அரைமணி நேர ஆறுதல் தேவை. பார்த்த பின் ஐந்து நிமிடம் பேசுவோம். மாதர் சங்கக் கூட்டத்தில் இவ்வினாக்களை எடுத்துப் பாருங்கள், ஆண்களையும் அழையுங்கள்.

1. இந்த வாரம் நாம் ஏசிய பாத்திரம் எது? அதே செயலைச் செய்தவர் எமது உறவினரென்றால் என்ன சொல்வோம்?

2. எந்தப் பாத்திரத்தின் பொறுமையைப் புகழ்ந்தோம்? எமது மகள் அப்படிப் பொறுத்திருப்பதை விரும்புவோமா?

3. எமது காணிப் பத்திரத்தில் அடுத்த உரிமையாளராக யார் பெயர் பதியப்பட்டுள்ளது? அதைக் குடும்பத்தில் எல்லோரும் அறிவார்களா?

மூன்றாவது வினாவுக்கு விடை தெரியாதவர்கள், பத்திரத்தை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போய் இம்மாதமே கேட்டறியுங்கள்.