ஆர்.சி.சி.பி. விழுந்தால் சந்தோஷப்படுங்கள்!

“குழாயைத் தொட்டா விர்ருங்குது அண்ணாச்சி.”

குற்றாலத்தில் சீசனுக்கு வாடகைக்கு விடும் வீடு அது. தென்காசியிலிருந்து வந்திருந்த ஒயர்மேன் டெஸ்டரைக் குளியலறைக் குழாயில் வைத்தார். அதன் பல்பு மெல்லச் சிவந்தது. நேரே போய் மெயின் பெட்டியைத் திறந்தார். உள்ளே, கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தது. ஆனால், அதற்குள் போய்வர வேண்டிய ஒயர்களை வெளியிலேயே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள்.

“அது சும்மா விழுந்துட்டே கெடந்துச்சு. போன சீசன்ல வந்த பையன் இப்பிடிப் போட்டுக் குடுத்துட்டான்” என்றார் வீட்டுக்கார அம்மா.

“அது விழுந்ததுனாலதாம்மா இத்தனை நாளா யாருக்கும் ஒண்ணும் ஆகலை” என்றார் ஒயர்மேன். பக்கத்தில் நின்ற எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே காரணத்துக்காக, உயிர்காக்கும் கருவியை ஓரங்கட்டியிருக்கிறார்கள்!

ஜூனில் சாரல் இறங்கினால் ஐந்தருவி, பழைய குற்றாலம் பக்கம் சுவரெல்லாம் ஈரம் பூத்துவிடும். அருவியில் ஆட்டம்போட்ட பிள்ளைகளும் பெரியவர்களும் அறைக்குத் திரும்பியதும் வெந்நீர் கேட்பார்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஹீட்டரை அப்போதுதான் போடுவோம். அதன் எலிமென்ட் குழாய்க்குள் அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. முனையில் உள்ள அடைப்பு விட்டுப்போயிருந்தால் ஈரம் உள்ளே இறங்கி, கரண்ட் கசியத் தொடங்கும்.

“எங்க வீட்டில்தான் எம்.சி.பி. இருக்கே” என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எம்.சி.பி. காப்பது ஒயரை, ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்டும்வரை அது விழாது. நெஞ்சு வழியாக 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில நொடிகள் பாய்ந்தாலே உயிர் போகலாம். ஆர்.சி.சி.பி. பார்ப்பது வேறு கணக்கு. போன கரண்ட் முழுதாகத் திரும்பி வருகிறதா? 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் கண்ணிமைப்பதற்குள் துண்டித்துவிடும். கடையில் 100, 300 மில்லி ஆம்பியரிலும் கிடைக்கும். வீட்டில் ஆளைக் காக்க 30தான் வேண்டும்.

2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் பாயின்டில் அதைச் செருகுவது சாக்கெட்டைக் கொளுத்துவதற்குச் சமம். மெயின் பெட்டியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் தனி லைன், தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் சாக்கெட், ஈரக் கை எட்டாத இடத்தில் சுவிட்ச்: இதில் பேரமே கூடாது. வாளியில் போடும் கம்பி ஹீட்டர் என்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நாம் அலட்சியப்படுத்துவது எர்த்தை. எர்த் சரியாக இருந்தால், கீசரில் கசிவு வந்த உடனேயே ஆர்.சி.சி.பி. விழும், ஒருவர் தொடும்வரை காத்திருக்காது. மலையடிவாரத்தில் பாறை தட்டியதும் எர்த் கம்பியைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். எர்த் டெஸ்டரால் அளந்து பார்க்காமல் அதை நம்பக் கூடாது. சிலர் பச்சை எர்த் ஒயரை நியூட்ரலோடு முடிந்துவிடுகிறார்கள். நியூட்ரல் அறுந்தால் கீசரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும்.

அந்த வீட்டிலும் எர்த் குழியில் கிளாம்ப் துருப்பிடித்து, ஒயர் கழன்று கிடந்தது. சுரண்டி, புது கிளாம்ப் போட்டு இறுக்கினார் ஒயர்மேன். டேப்பைப் பிரித்து ஆர்.சி.சி.பி.யை மறுபடி இணைத்து ஹீட்டரைப் போட்டதும் ‘டக்’கென்று விழுந்தது. எலிமென்ட்டைக் கழற்றினால் அதன் முனையில் பச்சைக் களிம்பு. புதியது மாட்டிய பிறகு விழவில்லை.

இன்றைக்கே உங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி.யில் ‘T’ என்று போட்ட சின்னப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் நல்லது. விழாவிட்டால், லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் வந்து பார்க்கும்வரை ஹீட்டரைப் போடாதீர்கள்.