கால் வேலி நிலமும் கணக்குக் கேட்ட சபையும்

உத்திரமேரூர் என்றால், குடத்தில் பெயர் ஓலைகளைப் போட்டு எடுத்து ஊர்ச்சபைக் குழுவினரைத் தேர்ந்த குடவோலை முறைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பள்ளிப் பாடம் அப்படிப் பதிய வைத்துவிட்டது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட விதிகளை நிதானமாகப் படித்தால், ஓலைக்கும் குடத்துக்கும் முன்பாக நிலம் வந்து நிற்கிறது.

பல்லவர் காலத்தில் பிரமதேயமாக, அதாவது பிராமணர்களுக்குக் கொடையளித்த ஊராக உருவானது இது. அன்றைய பெயர் உத்தரமேரு சதுர்வேதிமங்கலம். இங்கே நிலமும் மனையும் கொண்ட பிராமணக் குடும்பங்களே சபையாகக் கூடி ஊரை ஆண்டன.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் அது சுமார் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதக் கல்வியும் வேண்டும்; அதில் கூடுதல் தேர்ச்சி பெற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். குடும்புக்கு ஒருவராகத் தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள். பதவிக் காலம் 360 நாள்.

அதிகாரம் சில வீடுகளிலேயே தங்கிவிடாமல் இருக்கவும் வழி செய்திருந்தார்கள். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரை எழுதக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்குத் தடை. அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தார், மாமன், மருமகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள் என்று உறவின் முறை முழுவதற்கும் அதே தடை! ஒருவர் தவறினால் வீடே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த விதிகளைப் பாராட்டும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அந்த நிலத்தில் ஏர் ஓட்டியவர்களுக்கும் நாற்று நட்டவர்களுக்கும் ஓலையில் இடமில்லை. பெண்களுக்கும் இல்லை. அது நிலமுடையவர்கள் தங்களுக்குள் நடத்திய ஆட்சி.

ஆயினும் அந்த ஆட்சி நீரைக் காத்தது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்து வயிரமேக தடாகத்தைப் பராமரிக்கத் தனி வாரியமே இருந்தது. தூர்வாருவதற்கு அறக்கட்டளைகளும் இருந்தன.

குடும்பங்கள் பங்கு வைத்து நிலத்தை அனுபவிக்கும் வழக்கம் உத்திரமேரூர் அமைந்த தொண்டை மண்டலத்தில் நெடுங்காலம் நீடித்தது. 1763-இல் செங்கல்பட்டுப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகப் போனபோது அந்தப் பங்கு உரிமையின் பெயர் மிராசு. அந்த உரிமையை ஆராய்ந்து கம்பெனி அதிகாரி எல்லிஸ் துரை எழுதிய நூல் 1818-இல் வெளிவந்தது.

இன்று வாக்களிக்க நிலம் தேவையில்லை. அது நாம் போராடிப் பெற்ற உரிமை. கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி பதவி இல்லை என்ற அந்தப் பழைய விதியையும் நம் ஊராட்சிகளில் நாம் கேட்டுப் பெற வேண்டும்.