பாபியின் முழங்காலும் மகாரின் ஒப்பந்தமும்

ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர் களத்தில் இருப்பார்கள். அதில் இருவர் தடுப்பாட்டக்காரர்கள். தொடக்க காலத்தில் இவர்கள் கோலுக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். வருகிறவனை மறிக்க வேண்டும், பக் எனப்படும் ரப்பர் வட்டு மட்டையில் சிக்கினால் தூரத்துக்குத் தூக்கி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. முன்னோக்கிப் பாஸ் கொடுப்பதற்கே கட்டுப்பாடு இருந்த காலம் அது. வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எச்.எல். களத்தின் மூன்று பகுதிகளிலும் முன்னோக்கிப் பாஸ் கொடுக்க 1929-30 பருவத்தில்தான் அனுமதி தந்தது.

தடுப்பவனும் ஆட்டத்தை நடத்தலாம் என்று காட்டியவர் பாபி ஆர் என்று சொல்வது வழக்கம். நான் அந்தப் பெருமையில் பாதியை டக் ஹார்விக்குக் கொடுப்பேன். மான்ட்ரியலில் பிறந்து, மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணிக்காக 1947 முதல் 1961 வரை ஆடியவர். பக் கைவசமானதும் பதறி அடித்து அனுப்ப மாட்டார். தன் கோல் பக்கத்திலேயே அதை வைத்துக்கொண்டு, எதிரி நெருங்கும்வரை காத்திருந்து, பிறகு பாஸ் கொடுப்பார். ஆட்டம் அவருக்கு வேண்டிய வேகத்தில் நடந்தது. அன்றைய விதிப்படி சிறு தவறுக்காக வெளியேற்றப்பட்டவர் இரண்டு நிமிடமும் முழுக்க வெளியே உட்கார வேண்டும். எதிரணியில் ஆள் குறைந்த அந்த இரண்டு நிமிடத்துக்குள் கனேடியன்ஸ் இரண்டு மூன்று கோல் போட்டுவிடும். கடைசியில், ஒரு கோல் விழுந்ததும் வெளியே இருப்பவர் திரும்பலாம் என்று 1956-இல் விதியையே மாற்றினார்கள்.

சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை ஹார்வி ஏழு முறை வென்றார். ஆனால் அவருடைய தொழில் வாழ்க்கை அவர் கையில் இல்லை. அன்று லீக்கில் ஆறே அணிகள். ஓர் அணி முதலாளிக்குப் பிடிக்காமல் போனால் ஆட்டக்காரர் போய் நிற்க வேறு இடமில்லை. 1957-இல் ஆட்டக்காரர் சங்கம் அமைக்க, இன்னோர் அணியின் ஆட்டக்காரரான டெட் லிண்ட்சேயுடன் சேர்ந்து முயன்றவர்களில் ஹார்வியும் ஒருவர். லிண்ட்சேயை அதே ஆண்டு சிகாகோ அணிக்குத் தள்ளிவிட்டார்கள். ஹார்வி 1961-இல் நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டார். அங்கே பயிற்சியாளராகவும் இருந்துகொண்டு ஆடி, ஏழாவது நாரிஸை வாங்கினார். பிறகு சிறிய லீக்குகளில் அலைந்து, 1969-இல் செயின்ட் லூயிஸில் ஆட்டத்தை முடித்தபோது வயது 44.

அதே தலைமுறையைச் சேர்ந்தவர் டொராண்டோவின் டிம் ஹார்டன். லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை நான்கு முறை வென்ற அணியில் இருந்தும், ஓய்வுக்குப் பிறகு சோற்றுக்கு என்ன வழி என்று யோசிக்க வேண்டியிருந்தது. 1964-இல் ஹாமில்டன் நகரில் ஒரு டோனட் கடை திறந்தார். டொராண்டோவின் ஸ்கார்பரோத் தமிழர்கள் இன்று வேலைக்குப் போகும் வழியில் நின்று காபி வாங்கும் டிம் ஹார்டன்ஸ் அதுதான். வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு ஹாக்கி ஆட்டக்காரரின் பெயர் என்று தெரியுமோ! 1974-இல், நாற்பத்து நான்கு வயதில், டொராண்டோவில் ஆட்டம் முடித்து பஃபலோவுக்குக் காரோட்டிப் போன இரவில் விபத்தில் இறந்தார். அப்போதும் அவர் ஓய்வு பெற்றிருக்கவில்லை.

இனி பாபி. ஒன்டாரியோவின் பேரி சவுண்ட் என்ற சிற்றூர்ப் பையன். பதினான்கு வயதில் பாஸ்டன் புரூயின்ஸ் அணி அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டது. ஊக்கமாக அவர்கள் வீட்டுச் சுவருக்குப் பூச்சு வேலையும் செய்து தருவதாகச் சொன்னார்கள். பதினெட்டில், 1966-இல், என்.எச்.எல்.லில் நுழைந்தார். தன் கோலுக்குப் பின்னால் பக்கை எடுத்து, களம் முழுக்கத் தானே ஓட்டிக்கொண்டு போய் எதிரியின் கோலில் போடுவார். தடுப்பாட்டக்காரர் முன்னே போனால் பின்பக்கம் திறந்து கிடக்குமே என்று பயிற்சியாளர்கள் அஞ்சுவது இயல்பு. பாபிக்கு அந்தக் கவலை இல்லை. திரும்பி வரும் வேகத்திலும் அவரை மிஞ்ச ஆளில்லை.

1970-இல் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். கோலும், கோலுக்கு வழிவகுத்த பாஸும் சேர்ந்ததே புள்ளி. 1975-இல் மறுபடியும் எடுத்தார். அவருக்கு முன்னும் பின்னும் எந்தத் தடுப்பாட்டக்காரரும் அந்தப் பட்டத்தை வாங்கியதில்லை. 1970-71 பருவத்தில் அவர் எடுத்த 139 புள்ளிகளை எட்மன்டனின் பால் காஃபி 1986-இல் நெருங்கி, ஒன்றே ஒன்றில் தவறவிட்டார். 1970 மே 10 அன்று ஸ்டான்லி கோப்பையைத் தீர்மானித்த கோலைப் போட்டுவிட்டு, எதிரியின் மட்டை தட்டியதில் அந்தரத்தில் பறக்கும் பாபியின் படம், ஹாக்கி தெரியாதவர்களும் பார்த்திருக்கக்கூடிய படம்.

பாபியின் இடது முழங்கால் முதல் பருவத்திலேயே அடிபட்டது. அதற்குப் பின் அறுவை மேல் அறுவை. ஆர்த்ரோஸ்கோப் வழியாகச் சிறு துளையிட்டு மூட்டைச் சரிசெய்யும் முறை பரவலாகாத காலம். மூட்டைத் திறந்து, கிழிந்த குருத்தெலும்பை வெட்டி எடுத்துவிடுவார்கள். அடுத்த பருவத்தில் எலும்போடு எலும்பு உரசும்.

முழங்காலைவிடப் பெரிய அடி அவருடைய முகவர் ஆலன் ஈகிள்சனிடமிருந்து வந்தது. 1967-இல் உருவான ஆட்டக்காரர் சங்கத்தின் நிர்வாக இயக்குநரும் இதே ஈகிள்சன்தான். ஹார்வியும் லிண்ட்சேயும் எதற்காகத் தண்டிக்கப்பட்டார்களோ அது அவர் கையில் போய்ச் சேர்ந்தது. பாஸ்டன் அணி 1976-இல் பாபிக்கு அணியின் உரிமையிலேயே 18.5 சதவீதம் தர முன்வந்தது. அந்தச் செய்தியை ஈகிள்சன் பாபியிடம் சொல்லவில்லை. பாபி சிகாகோவுக்குக் கையெழுத்திட்டார். 1998-இல் ஈகிள்சன் மோசடிக்காகச் சிறைக்குப் போனார். பாபி பின்னாளில் தானே ஆட்டக்காரர்களுக்கு முகவரானார்; இன்றைய நட்சத்திரம் கானர் மெக்டேவிட் அவருடைய நிறுவனத்தின் வழியாகத்தான் லீக்குக்குள் வந்தார்.

இன்றைய நிலைக்கு உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது கொலராடோ அவலாஞ்சின் கேல் மகார். 1998-இல் கால்கரியில் பிறந்தவர். யாரும் பதினான்கு வயதில் அவரைக் கட்டிப்போடவில்லை. லீக்கின் 2017 புதிய ஆட்டக்காரர் தேர்வில் நான்காவதாக எடுக்கப்பட்ட பிறகும் இரண்டு ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு ஆடினார். 2019 ஏப்ரல் 12 அன்று கல்லூரி ஹாக்கியின் மிகப் பெரிய விருது. மறுநாள் இறுதிப் போட்டியில் தோல்வி. ஏப்ரல் 15 அன்று என்.எச்.எல். நாக்அவுட் சுற்றில் முதல் ஆட்டம், அதுவும் சொந்த ஊர் அணிக்கு எதிராக. அதிலேயே ஒரு கோல். 2022-இல் ஸ்டான்லி கோப்பை, நாரிஸ், நாக்அவுட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது மூன்றும் ஒரே பருவத்தில். 2024-25-இல் 30 கோல், 92 புள்ளி, மறுபடியும் நாரிஸ்.

மகார் ஆறடிக்கும் குறைவு. 2024-இல் நாரிஸ் வென்ற குவின் ஹியூஸ் இன்னும் குட்டை. 2025-இன் சிறந்த புதுமுகமான மான்ட்ரியலின் லேன் ஹட்சன் அவரையும்விடக் குட்டை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இவர்களைத் தடுப்பாட்டத்துக்கு எடுக்கவே தயங்கியிருப்பார்கள். அப்போது எதிரியை மட்டையால் கொக்கி போட்டு இழுத்தாலும், கட்டிப் பிடித்தாலும் நடுவர் கண்டும் காணாமல் விடுவார். அந்த ஆட்டத்துக்குப் பெரிய உடம்பு வேண்டும். 2004-05 பருவம் முழுவதும் சம்பளத் தகராறில் பறிபோன பிறகு, லீக் அந்தப் பிடிஇழுப்பைக் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கியது. நீளமான பாஸுக்கு இருந்த நடுக்கோட்டுத் தடையும் நீங்கியது. காலில் வேகம் உள்ளவனுக்கு வழி திறந்தது. பாபி தன் திறமையால் பிடுங்கிக்கொண்ட இடத்தை, விதியே இவர்களுக்குக் கொடுத்திருக்கிறது.

மோதலிலும் விதி மாறியது. நியூஜெர்சியின் தடுப்பாட்டக்காரர் ஸ்காட் ஸ்டீவன்ஸ் 2000-இல் எதிரணியின் எரிக் லிண்ட்ராஸைத் தலையில் மோதிச் சாய்த்ததை அன்று சரியான தடுப்பாட்டம் என்றார்கள். பக்கவாட்டிலிருந்து தலையைக் குறிவைத்து மோதுவது 2010-11 பருவத்தில் தடையானது. அதற்குள் ஸ்டீவன்ஸின் தொழிலையும் மூளை அதிர்ச்சி முடித்துவிட்டிருந்தது. ஹெல்மெட் கட்டாயமானது 1979-இல். அதுவும் புதிதாக ஒப்பந்தம் போடுகிறவர்களுக்கு மட்டும். பழையவர்கள் வெறுந்தலையோடு ஆடித் தீர்த்தார்கள்.

பின்னால் நின்று பாறாங்கல் போல உடம்பைக் குறுக்கே போட்டு, புள்ளிப் பட்டியலில் பெயரே வராமல் பதினைந்து ஆண்டு பிழைத்த ஆட்டக்காரர்கள் ஒரு காலத்தில் அணிக்கு இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். பக்கைக் கட்டுப்படுத்தி வெளியே எடுக்கத் தெரியாதவனுக்கு இன்று இடம் சுருங்கிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அவர்கள் ஆட்டத்தில் ஒரு முரட்டு நாணயம் இருந்தது.

மகார் 2021-இல் போட்ட ஒப்பந்தம் ஆறு ஆண்டுக்கு 54 மில்லியன் டாலர். அது 2026-27 பருவத்தோடு முடியும்போது அவருக்கு வயது 28 இருக்கும். சிகாகோவுக்குக் கையெழுத்திட்டபோது பாபிக்கும் 28தான். அந்த அணிக்காக அவரால் ஆட முடிந்தது 26 ஆட்டங்கள். ஆடாமல் சம்பளம் வாங்கக் கூடாது என்று, சிகாகோ கொடுத்த காசோலைகளை அவர் மாற்றவே இல்லை.