கம்பியில்லாத் தொலைபேசி: நிலையத்தை எங்கே பொருத்துவது?

கோல்கொண்டா கோட்டையின் நுழைவாயில் குவிமாடத்தின் கீழ் நின்று கை தட்டினால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் குன்றின் உச்சியிலுள்ள பாலா ஹிஸாரில் அவ்வோசை கேட்கும். தட்டுவதற்கென்று குறித்த இடம் ஒன்று உண்டு. வழிகாட்டிகள் அதைத் தவறாமல் காட்டுவர்.

இன்று அதே ஹைதராபாத்தில் மருத்துவமனையோ விடுதியோ கட்டி, உள்ளே ‘டெக்ட்’ வகைக் கம்பியில்லாத் தொலைபேசி அமைப்போரும் அத்தகைய இடத்தையே தேட வேண்டியுள்ளது. நள்ளிரவில் மருத்துவரை அழைக்கும் செவிலியரின் பேச்சு நடைவழித் திருப்பத்தில் அறுந்துபோகலாகாது அன்றோ!

டெக்ட், ஐரோப்பாவில் 1992-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட தரம். சென்னை ஐ.ஐ.டி. அதனைத் தழுவி உருவாக்கிய ‘கார்டெக்ட்’, உயர்ந்த கோபுரத்திலிருந்து மறைப்பில்லாத வெளியில் 10 கிலோமீட்டர் வரை எட்டியது. கட்டடத்தினுள்ளோ ஒரு நிலையம் 30 முதல் 50 மீட்டர் எட்டினாலே பெரிது. ஆகவே வரைபடத்தில் வட்டங்கள் வரைந்து எண்ணிக்கையைக் கணிப்பது போதாது. சுவர்களைக் கணக்கிட வேண்டும். உஸ்மானியா பல்கலைக்கழகக் கலைக் கல்லூரி போன்ற கருங்கல் கட்டடங்களும், உலோகப் பூச்சுக் கண்ணாடி பதித்த புதிய மாளிகைகளும் அலைகளை வெகுவாகத் தடுப்பவை. மின்தூக்கிக் கூண்டும் ஈயத்தகடு பதித்த எக்ஸ்ரே அறையும் அவற்றினும் கடுமையானவை.

நிலையங்களை மிக விலக்கி வைப்பதும் தவறு. நடந்துகொண்டே பேசுபவரின் அழைப்பு ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு மாற, இரண்டின் எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். பல அமைப்புகளில் நிலையங்கள் ஒன்றையொன்று ‘கேட்டே’ நேரத்தை ஒத்திசைத்துக்கொள்கின்றன. சங்கிலியில் ஒன்று அறுந்தால் அதற்கு அப்பாலுள்ளவையும் தடுமாறும். மேலும், ஒரு நிலையம் ஒரே வேளையில் தாங்கும் அழைப்புகள் சிலவே. அவசரப் பிரிவில் அலை வலுவாக இருந்தும் இணைப்புக் கிடைக்காமற் போவதற்கு இதுவே காரணமாதல் உண்டு.

தேர்ந்த நிறுவனத்தார் துளையிடுமுன், நிலையம் ஒன்றைத் தாங்கியில் உயர்த்தி நிறுத்தி, கைக்கருவியுடன் மாடிப்படி, கழிப்பறை, நிலவறை எங்கும் நடந்து அலைவலுவைக் குறித்துக்கொள்வர். இச்செலவைத் தவிர்க்கச் சொல்லும் விலைப்புள்ளி மலிவாகத் தோன்றும். பின்னர்க் கூரையைப் பிரித்துக் கம்பியிழுக்கும் செலவு அதில் இராது. கட்டில்களும் இரும்பு பீரோக்களும் வந்து சேர்ந்து, கதவுகள் அடைத்த நிலையில் மறுபடி நடந்து பார்த்த பின்னரே இறுதித் தவணை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.