எட்டிப் பாருங்க, உள்ளே மாவு உருளுது!

ஆவடியின் சேக்காட்டில் பிரெட் வேண்டுமென்றால் தெருமுனைக் கடையிலேயே பாக்கெட் கிடைக்கும். அப்புறம் எதற்கு வீட்டில் ஒரு பிரெட் மெஷின்? மூடியிலிருக்கும் கண்ணாடி வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்தவர்கள் இதைக் கேட்கவே மாட்டார்கள். அத்தனை கூத்து உள்ளே நடக்கிறது!

ஒரு மோட்டார், அது சுற்றிவிடும் துடுப்பு, பாத்திரத்தைச் சுற்றி ஹீட்டர் காயில், சூட்டை அளக்க ஒரு சென்சார். சாமான் இவ்வளவுதான்! இவை சேர்ந்தே பிசைந்து, உப்பவைத்து, காற்றை இறக்கி, மறுபடி உப்பவைத்து, சுட்டும் கொடுத்துவிடுகின்றன. சாதாரண மோடில் மூன்று, நான்கு மணி நேர வேலை.

இது பிறந்த கதை தெரியுமா? இன்று பானசோனிக் என்று நாம் சொல்லும் ஜப்பானின் மட்சுஷிட்டா கம்பெனி 1985-ல் இதில் இறங்கியது. சுட்டுப் பார்த்தால் மேலே கருகல், உள்ளே வேகாத மாவு! ஆள் பிசைந்த மாவையும் மெஷின் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் இகுகோ தனாகா என்ற மென்பொருள் பொறியாளர், ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை பேக்கரிடம் பிசையக் கற்றுக்கொள்ளப் போனார். பேக்கர் மாவை இழுக்கும்போதே ஒரு முறுக்கும் கொடுக்கிறார் என்பது அங்கேதான் அவர் கண்ணில் பட்டது. அந்த முறுக்கு மெஷினுக்கும் வரவேண்டுமென்று பாத்திரத்தின் உட்புறம் மேடுகள் வைத்தார்கள். 1987-ல் மெஷின் விற்பனைக்கு வந்துவிட்டது!

எனக்கு இதைவிடப் பிடித்தது ஈஸ்ட் கதை. அறைச் சூடு ஏறினால் மாவு தறிகெட்டுப் பொங்கும். அதற்குத் தனியாகக் குளிரூட்டி வைத்தால் விலை எகிறும். அதனால் ஈஸ்டைத் தொடக்கத்திலேயே கலக்காமல், பின்னால் சேர்கிற மாதிரி செய்தார்கள். குளிரூட்டியே தேவைப்படவில்லை.

ஒசாகாவுக்கே அந்தப் பாடு என்றால், ஆவடி வெயிலுக்கு? மே மாதத்தில் இட்லி மாவு என்ன வேகத்தில் பொங்குகிறதோ, பிரெட் மாவும் அப்படித்தான் பொங்கும். பிசைந்து முடிக்கும்போது மாவு 25 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீரை ஊற்றினால் அது நடக்காது. ஃபிரிட்ஜ் தண்ணீரை ஊற்றுங்கள், ஈஸ்டைக் கொஞ்சம் குறையுங்கள், விடியற்காலையில் ஓட்டுங்கள். நன்றாக உப்பி, அப்புறம் நடுவில் குழிந்துபோகும் பிரெட் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

அளவுக்குத் தராசுதான் சரி, கப் வேண்டாம். மைதா 300 கிராம், தண்ணீர் 185 மில்லி, வெண்ணெய் 15 கிராம், சர்க்கரை ஒரு மேஜைக்கரண்டி, உப்பு 5 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம். தண்ணீர் கீழே, மாவு மேலே, உப்பு ஒரு ஓரம், உச்சியில் குழி பறித்து ஈஸ்ட். ஈஸ்டுக்குத் தனி அறை உள்ள மெஷினென்றால் அதிலேயே போடுங்கள். கோதுமை மாவு கலக்க நினைத்தால் பாதிக்குப் பாதியில் தொடங்குங்கள், தண்ணீர் கூடுதலாகக் கேட்கும்.

இனிதான் திருவிழா! பிசைய ஆரம்பித்து பத்து நிமிஷம் கழித்து மூடியைத் தைரியமாகத் திறந்து பாருங்கள். முதலில் பிசுபிசுவென்று கிடந்தது, துடுப்பைச் சுற்றி ஒரே உருண்டையாகத் திரண்டு, 'தப் தப்' என்று சுவரில் மோதும். சுவரில் மாவு ஒட்டக்கூடாது. விரலால் தொட்டால் லேசாக ஒட்டி உடனே விடவேண்டும். வறண்டு பிளந்தால் ஒரு தேக்கரண்டி தண்ணீர், குழைந்து பரவினால் ஒரு தேக்கரண்டி மாவு. ஒரே மைதா மழைக்காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் வேறு மாதிரி தண்ணீர் குடிக்கும். அதை மெஷினால் பார்க்க முடியாது, நம்மால் முடியும்!

கடைசிப் பிசைதல் முடிந்ததும் ஈரக்கையால் துடுப்பை உருவிவிட்டால் பிரெட்டின் அடியில் பெரிய ஓட்டை விழாது. சுட ஆரம்பித்தபின் மட்டும் மூடியைத் தொடாதீர்கள்.

பீப் அடித்ததும் உடனே வெளியே எடுங்கள், உள்ளேயே விட்டால் வியர்த்து நமுத்துப்போகும். வாசனை ஆளைத் தூக்கும், ஆனாலும் ஒரு மணி நேரம் ஆறவிட்டே நறுக்குங்கள். இதில் கெடாமல் வைக்கும் மருந்து எதுவும் இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இரண்டு நாள்தான் தாங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் விறைத்துவிடும். மிச்சத்தைத் துண்டு போட்டு ஃபிரீசரில் வையுங்கள், வேண்டும்போது எடுத்து நேராகத் தோசைக்கல்லில் போட்டுக்கொள்ளலாம்.